வராத ஆளுக்குப் போட்ட துண்டு

செவ்வல்பேட்டை பேருந்து நிலையத்தில், துண்டு போட்டு வைத்த இடங்களுக்கெல்லாம் ஆள் வரத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு. நேரத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிகிறதென்றால், கையில் நோட்டும் பேனாவுமாக, யார் எத்தனை மணிக்கு எங்கே உட்கார்ந்தார் என்று எழுதிக்கொண்டே ஒருத்தி அங்கே இருந்ததுதான் காரணம். அவள் பெயர் மங்கையர்க்கரசி. அவ்வளவு நீளமாகக் கூப்பிட ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது என்பதால் அரசி.

அரசியின் வேலையைக் கேட்டவர்கள் எல்லாரும் முதலில் சிரித்தார்கள், பிறகு உண்மையாகவா என்று கேட்டார்கள். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி கம்ப்யூட்டருக்குள் ஓர் ஊரைக் கட்டிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் கடைவீதி உண்டு, கோயில் உண்டு, பேருந்து நிலையம் உண்டு, நடமாட நூற்றுக்கணக்கில் ஆட்களும் உண்டு, ஆனால் அந்த ஆட்களுக்கு உட்காரத் தெரியவில்லை. பெஞ்சுகள் எல்லாம் காலியாகக் கிடக்க, நடுவயதுப் பெண்ணொருத்தி போய் முன்பின் தெரியாத ஆணின் தோளை உரசிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு போலீஸ்காரர் நிழலை விட்டுவிட்டு வெயிலில், அதுவும் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இதைச் சரிசெய்ய, நிஜமான ஊரில் நிஜமான ஒருத்தி உட்கார்ந்து, மனிதர்கள் எப்படி இடம் தேடுகிறார்கள் என்று பார்த்து எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. புருஷன் திருப்பூரில், ஒன்பது வயது மகள் செவ்வல்பேட்டைப் பள்ளியில், வீடு ஏழு கல் தள்ளி ஆவரம்பட்டியில் என்று இருந்த அரசிக்கு, மகளோடு காலையில் வந்து மகளோடு மாலையில் திரும்பும் இந்த வேலை கையில் வந்து விழுந்த மாதிரி இருந்தது.

நிலையத்தில் இருபத்திரண்டு சிமெண்டு பெஞ்சுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கம்பெனி சொன்னபடி அவளே வெள்ளைப் பெயிண்டில் எழுதினாள். மூன்றாம் பெஞ்சில், தூணை ஒட்டிய ஒன்றாம் எண்ணில் உட்கார்ந்துகொண்டு அவள் ஆறு வாரம் பார்த்தாள். பெண்கள் பெண்ணைத் தேடி உட்காருகிறார்கள், பெண் இல்லாவிட்டால் தூணைத் தேடி உட்காருகிறார்கள். ஆண்கள் முதலில் மின்விசிறியைப் பார்க்கிறார்கள், அது ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள், அதற்குக் கீழே யாரும் இல்லையென்றால் ஏன் இல்லை என்று யோசிக்கிறார்கள். வெள்ளை வேட்டிக்காரர் தூசியை ஊதிவிட்டு உட்காருகிறார், கடன்காரனைக் கண்டவர் கூட்டத்துக்குள் உட்காருகிறார், கல்யாணமான புதிதில் இருப்பவர்கள் எங்கே உட்கார்ந்தாலும் எழுந்து வேறிடம் போகிறார்கள். பக்கம் பக்கமாக எழுதினாள். இவ்வளவு நாள் கண்ணுக்கு முன்னால் நடந்தும் பார்க்காமல் போனதை நினைத்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு இடத்தில்தான் தகராறு வந்தது. நாலு எண் போட்ட பெஞ்சில் ஐந்தாவதாக ஒருவர் வந்து, "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க" என்று சொல்ல, நாலு பேரும் முனகிக்கொண்டே இடுப்பை அசைத்து நகர, ஐந்து பேர் உட்கார்ந்துவிடுவது நாள் முழுக்க நடந்தது. கோயம்புத்தூரில் கணக்குப் பார்த்த நவநீதன் என்ற பையன், "ஒரு எண்ணுக்கு ஒரு ஆள்தானுங்க்கா போட முடியும். அந்த அஞ்சாவது ஆள விட்டுருங்க" என்றான். விட்டுவிட்டாள்.

இன்னொன்று துண்டு. காலி இடத்தில் ஒரு துண்டோ, பையோ, கைக்குட்டையோ கிடந்தால் அது காலி இடம் இல்லை. "ஆள் வருது" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிட்டால், செவ்வல்பேட்டையில் எப்பேர்ப்பட்டவரும் அந்தத் துண்டைத் தொடமாட்டார். அதனால் அரசி அந்த இடங்களை எல்லாம் ஆள் இருக்கும் இடமாகவே எழுதி வந்தாள். திங்கட்கிழமை நவநீதன் போன் செய்தான்.

"அக்கா, ஒரு நாள் முழுக்கச் சேத்து முந்நூத்திப் பன்னெண்டு இடத்துல ஆள் இருக்குன்னு போட்டிருக்கீங்க. ஆள எண்ணுனா எரநூத்தி ஒண்ணுதானுங்க வருது. பாக்கிப் பேரு எங்கீங்க?"

"அதெல்லாம் துண்டு போட்ட இடம் தம்பி. ஆள் வருவாவ."

"கண்டிப்பா வருவாங்களாங்க?"

பெஞ்சில் கால் நீட்டிப் படுக்கவும், பிடிக்காதவன் பக்கத்தில் உட்கார்ந்துவிடாமல் தடுக்கவும் பாதிப்பேர் பொய்யாகத் துண்டு போடுவார்கள் என்பது அரசிக்குத் தெரியாதா என்ன? ஆனால் அந்த நேரத்தில் மகள் பள்ளிவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தாள், ஏதோ ஒரு பஸ் வேறு காதுக்குள் உறுமிக்கொண்டு நின்றது. "துண்டு போட்டா ஆள் வரும் தம்பி" என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். நவநீதன் சொன்ன சொல் தட்டாத பிள்ளை. துண்டு போட்ட ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு ஆள் வந்தே தீர வேண்டும் என்று அன்று சாயங்காலமே அந்தக் கம்ப்யூட்டர் ஊருக்குள் எழுதிவிட்டான்.

மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. பரோட்டாக் கடை மாஸ்டர் சங்கரபாண்டி, விடியற்காலையிலிருந்து மாவு பிசைந்த களைப்பில் ஏழாம் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டு, கேட்டவர்களிடம் எல்லாம் "ஆள் வருது, ஆள் வருது" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டப் போனார். அப்போது மேற்கு வாசல் வழியாகச் சந்தனக் கலர் சட்டை போட்ட ஒருவர் வந்தார். மின்விசிறியைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், நேராக ஏழாம் பெஞ்சுக்கு நடந்தார், துண்டை எடுத்து உதறி நாலாக மடித்துச் சங்கரபாண்டியின் கையில் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"யாருவே நீரு?" என்றார் சங்கரபாண்டி.

"எனக்குத்தான எடம் போட்டிருந்திய" என்றார் வந்தவர். பிறகு பஸ் வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் பத்தொன்பது பேர் வந்துவிட்டார்கள். ஆணும் பெண்ணும், பல வயதும் பல நிறமும். எல்லார் உடுப்பும் அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்தது போல மடிப்புக் கலையாமல் இருந்தது. செம்மண் புழுதியில் நடந்து வந்தும் ஒருவர் செருப்பிலும் தூசி இல்லை. எல்லாரும் துண்டை உதறி மடித்துக் கொடுத்தார்கள், எல்லாரும் அதே ஒரு வாக்கியத்தைச் சொன்னார்கள், எல்லாரும் யார் முகத்தையும் பார்க்காமல் பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தார்கள், எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. ஆறு மணிக்கு எழுந்து மேற்கு வாசல் வழியாகப் போனார்கள். பின்னாலேயே போய்ப் பார்த்தவர்கள், வாசலுக்கு அந்தப் பக்கம் கரும்புச்சாறு வண்டி மட்டும்தான் நின்றது என்றார்கள்.

நோட்டில் எழுதியிருந்ததெல்லாம் எழுந்து நடப்பதை அரசி ஒருத்திதான் கண்டாள். நவநீதனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு பயந்தான், பிறகு எழுதியதை அழித்துவிட்டேன் என்று சத்தியம் பண்ணினான். கோயம்புத்தூரில் நின்றுவிட்டது. செவ்வல்பேட்டையில் நிற்கவில்லை. யாரிடமாவது சொல்லலாம் என்று வாய்வரை வந்ததை, உன்னால்தானா என்று ஊர் கேட்குமே என்று அவள் விழுங்கிக்கொண்டாள்.

ஆனால் ஊர் பயந்ததெல்லாம் இரண்டு நாளைக்குத்தான். மூன்றாம் நாள் அவர்களுக்கு ஒரு பெயர் வைத்தாகிவிட்டது, துண்டாட்கள். பெயர் வைத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடுகிறது. காவல் நிலையத்திலிருந்து ஒரு ஏட்டு வந்து விசாரித்தார். பேர் என்ன என்று கேட்டதற்கு எனக்குத்தான எடம் போட்டிருந்திய, ஊர் எது என்று கேட்டதற்கு எனக்குத்தான எடம் போட்டிருந்திய என்று பதில் வந்தது. பேருந்து நிலையத்தில் உட்காருவது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை என்று அவர் டீ குடித்துவிட்டுப் போனார். நகராட்சி, இருக்கைகளில் துண்டு போடக் கூடாது என்று பலகை வைத்தது, அந்தப் பலகையில் இரண்டு பேர் துண்டு காயப்போட்டார்கள். டைம் கீப்பர் தனிஸ்லாஸ், பஸ் புறப்படும் நேரம் சொல்லும் மைக்கிலேயே, "பயணிகள் கவனத்திற்கு, வராத ஆளுக்கு ஆள் வருதுன்னு சொல்லாதிய, வந்துட்டா நிலையம் பொறுப்பில்ல" என்று அரைமணிக்கொரு தரம் அறிவித்தார். டீக்கடைக்காரர் மனசு கேட்காமல் ஆளுக்கொரு டீ கொடுத்தார், அவர்கள் மரியாதையாக வாங்கி, ஆடை படிந்து ஆறிப்போகும்வரை கையில் வைத்திருந்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பிறகு ஊர் அவர்களைப் பயன்படுத்திக்கொள்ளவும் தொடங்கிவிட்டது. கருவூலத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற உமையொருபாகம் பிள்ளை, நாலு துண்டு கொண்டுவந்து சுற்றிலும் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்து, வீட்டில் யாரும் காதுகொடுத்துக் கேட்காத ஆபீஸ் கதைகளை வந்தவர்களிடம் சொன்னார். நடுவில் எழுந்து போகாத ஆட்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவருக்கு ஒரே பூரிப்பு. மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவள் ஒருத்தி, துணைக்கு இருக்கட்டும் என்று துண்டாளைப் பக்கத்தில் வைத்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போனாள். வரன் பார்க்கும் தரகர் ஒருவர் சந்தனச் சட்டைக்காரரை மூன்று நாள் கூர்ந்து கவனித்துவிட்டு, குடியில்லை, கூடா நட்பில்லை, பேச்சும் இல்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டார். பொய் சொன்னவனுக்குத்தான் துண்டாள் வரும், உண்மையாக ஆள் வரப்போகிறவனுக்கு என்ன பயம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அரசியும் அதை நம்ப ஆசைப்பட்டாள். நம்பித்தான் தினமும் மதியம் பள்ளிக்குப் போய்ச் சோறு கொடுத்துவிட்டு வந்து தூணோரம் உட்கார்ந்தவுடன், மகள் கனிஷ்காவின் சாப்பாட்டுப் பையைப் பக்கத்தில் இரண்டாம் எண் மேல் வைத்தாள். நாலு இருபதுக்குக் கனி வருவாள், அந்த இடத்தில் உட்காருவாள், மிச்சம் வைத்த சோற்றைத் தின்பாள், ஐந்து பத்துக்கு ஆவரம்பட்டி பஸ். கேட்டவர்களிடம் அரசி சொன்ன "ஆள் வருது" ஒருநாளும் பொய்யாக இருந்ததில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, மூன்றாம் பெஞ்சுக்கு எதிரே பூக்கூடை வைத்திருக்கும் சுடலைவடிவுக்கு விடியும்போதே முகமெல்லாம் சிரிப்பு. பம்பாய்க்குப் போன தம்பி ஐயம்பெருமாள் ஆறு வருஷம் கழித்து வருகிறான், மூன்றரை மணி பஸ். நாலாம் பெஞ்சில் பூ மூடும் ஈரத்துணியைப் பிழிந்து விரித்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எக்கா, துணிய எடுத்துருங்க, என்னத்துக்கு வம்பு?" என்றாள் அரசி.

"எனக்கு நெசமாவே ஆள் வருதுல்லா. நா என்ன சங்கரபாண்டியா?"

மூன்று இருபத்தைந்துக்கு மேற்கு வாசல் வழியாக ஒரு துண்டாள் வந்தார். ஈரத்துணியை உதறி மடித்துச் சுடலைவடிவின் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். சுடலைவடிவு அதற்கும் சிரித்தாள், அவன் வந்தால் நான் எழுந்து இடம் கொடுத்துக்கொள்கிறேன் என்றாள். மூன்று நாற்பதுக்கு பஸ் வந்தது. ஐயம்பெருமாள் இறங்கினான். பெரிய பெட்டியும், காதோரம் நரையும், அக்காள் அதே இடத்தில் பூ வைத்திருக்கும் நினைப்பும் சேர்ந்த சிரிப்புமாக வேகமாக நடந்து வந்தான். நாலு எட்டு தூரம் இருக்கும்போது நடை தளர்ந்தது. துண்டாள் உட்கார்ந்திருந்த இடத்தை ஒருமுறை பார்த்தான். சிரிப்பு அப்படியே வடிந்தது. அக்காள் எழுந்து நின்று, "ஏ ஐயம்பெருமாளு, ஏ தம்பி" என்று கையைப் பிடித்து இழுத்தும் அவன் கண் அவள் முகத்துக்கு ஏறவேயில்லை. பஸ்ஸில் இடமில்லை என்றால் இறங்கி அடுத்த பஸ்ஸைப் பார்ப்பவனைப் போலத் திரும்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, புறப்பட்டுக்கொண்டிருந்த ராஜபாளையம் பஸ்ஸில் ஏறிவிட்டான். பஸ் போய்விட்டது.

"என்னப் பாத்தான்" என்று மடியில் கிடந்த ஈரத்துணியைப் பிசைந்துகொண்டே சொன்னாள் சுடலைவடிவு. "இல்ல, பாக்கல. எடம் இல்லன்னு போயிட்டான். எங்கூடப் பொறந்தவன், எடம் இல்லன்னு போயிட்டானே."

அரசி நோட்டைப் புரட்டினாள். நாற்பத்தோராம் பக்கத்தில், அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில் இருந்தது: இடம் நிறைந்திருந்தால் வருகிறவர் இடத்தை மட்டும் ஒருமுறை பார்க்கிறார், உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை, அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார். வராத ஆட்களுக்கு எழுதியதை வருகிற ஆட்களும் கேட்டு நடக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் பக்கத்தில் பார்த்தாள். இரண்டாம் எண் மேல் கனியின் சாப்பாட்டுப் பை இருந்தது. மதியம் வழக்கம்போலக் கையே கொண்டுபோய் அதை வைத்திருந்தது. ஒன்றரை மணிக்கு ஒரு அம்மாள் கேட்டதும், ஆள் வருது என்று இவள் சொன்னதும் நினைவுக்கு வந்தன.

மணி நாலு ஐந்து. மேற்கு வாசல் வழியாக ஒரு பிள்ளை வந்துகொண்டிருந்தது. கனியின் பள்ளிச் சீருடை, கனியின் உயரம், கறுப்பு ஷூ. கனி இல்லை, வேறு யாரோ பெற்ற பிள்ளையின் முகம். அல்லது யாருமே பெறாத பிள்ளை. நாள் முழுக்கப் பள்ளியில் இருந்த பிள்ளைக்கு ரிப்பன் அவிழாமல், சட்டைப் பையில் மைக்கறை இல்லாமல், ஷூவில் ஒரு பொட்டுச் செம்மண் இல்லாமல் இருக்குமா?

என்ன செய்வது என்று அரசியின் மனசு தறிகெட்டு ஓடியது. பையை எடுத்துவிடலாமா? புதன்கிழமை ஒருவர் துண்டை உருவிக்கொண்டு ஓடியபோது, வந்த துண்டாள் ஆறு மணிவரை அந்த இடத்துக்கு முன்னால் நின்றார், ஒருவரையும் நெருங்க விடவில்லை. பள்ளிக்கு ஓடலாமா? வழி இரண்டு. ஒன்றில் இவள் போனால் மற்றொன்றில் கனி வருவாள், வந்து நிறைந்த பெஞ்சைப் பார்ப்பாள். எதிரே மூட்டையோடு நிற்கும் ஆளை, பெண்பிள்ளை கூப்பிடலாமா என்ற வெட்கத்தை விட்டுவிட்டு, அண்ணாச்சி இங்கே உட்காருங்க என்று கூப்பிட்டு இடத்தை அடைத்துவிடலாமா? அடைத்தால் இந்தப் பிள்ளை போய்விடும். கனியும் போய்விடுவாள். எந்தப் பக்கம் யோசித்தாலும் கடைசியில் கனி திரும்பி நடப்பதே கண்ணில் வந்து நின்றது.

அதற்குள் பிள்ளை வந்துவிட்டது. பையை எடுத்து, வாரைச் சுற்றி, அரசியின் மடியில் வைத்துவிட்டு இரண்டாம் எண்ணில் உட்கார்ந்தது. "எனக்குத்தானம்மா எடம் போட்டிருந்த" என்றது. குரல் கொஞ்சம் கட்டியிருந்தது. கனிக்கும் மழைக்காலத்தில் அப்படித்தான் கட்டும். சாப்பிட்டாயா என்று கேட்க அரசியின் வாய் தானாகவே திறந்தது, பல்லைக் கடித்து மூடிக்கொண்டாள். அந்தப் பிள்ளை மேல் தனக்கு இரக்கம் வருகிறதே என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருந்தது.

நாலு இருபது. கனி வந்தாள். ஒரு ரிப்பன் அவிழ்ந்து தோளில் தொங்க, ஷூவெல்லாம் செம்மண்ணாக, கையில் யாரிடமோ வாங்கிய பாதி நெல்லிக்காயோடு ஓடி வந்தாள். நாலு எட்டு தூரம் இருக்கும்போது ஓட்டம் நின்றது. இரண்டாம் எண்ணைப் பார்த்தாள். நெல்லிக்காய்க் கை கீழே இறங்கியது.

"கனி."

கேட்கவில்லை.

"ஏட்டி கனி, அம்மா இங்க இருக்கேன்."

கனி மெல்ல வந்த வழியே திரும்பினாள். தன் வயிற்றில் பிறந்தது, காலையில் தலைவாரும்போது வலிக்கிறது என்று கத்தியது, இடம் இல்லை என்று திரும்பியது. மூன்றாம் எண்ணிலும் நான்காம் எண்ணிலும் காய்கறி வாங்கிவந்த இரண்டு பெண்கள், நடப்பது தெரியாமல் முருங்கைக்காய் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நாலு எண்ணுக்கு நாலு பேர். பெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு எண்ணுக்கு ஒரு ஆள்தானுங்க்கா போட முடியும் என்று நவநீதன் சொன்னது காதில் விழுந்தது, அந்த அஞ்சாவது ஆள விட்டுருங்க என்று அவன் சொன்னதும் விழுந்தது. நோட்டில் எழுதாமல் விட்ட ஆட்கள் ஒவ்வொருவராக அவள் நினைவுக்கு வந்தார்கள். நாள் முழுக்க, ஆறு வாரம் முழுக்க, முக்கால் இடுப்பும் கால் இடமுமாக உட்கார்ந்து போனவர்கள். அவர்களைப் பற்றி அந்தக் கம்ப்யூட்டர் ஊருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அரசி தூணோடு தூணாக ஒட்டினாள். தோள்பட்டை சிமெண்டில் சிராய்த்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, எந்தப் பெஞ்சிலும் யாரும் யாருக்கும் சொல்வதைச் சொன்னாள்.

"எம்மா, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. சின்னப் பிள்ளதான், ஒரு ஓரமா இருந்துக்கிடும்."

"இருக்கதே எடமில்ல, இதுல இன்னும் எங்க தள்ள?" என்று முனகிக்கொண்டே முருங்கைக்காய்க்காரிகள் இரண்டு பேரும் இடுப்பை அசைத்து நகர்ந்தார்கள். துண்டாள் பிள்ளை மட்டும் இரண்டாம் எண்ணுக்கு நேராக, கோடு போட்டது போல அசையாமல் இருந்தது. அதற்கும் அரசிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் தெரிந்தது. அரசி அதைத் தட்டிக் காட்டினாள்.

"வா. இங்க எடம் இருக்கு. அம்மா தள்ளிக்கிட்டேன்."

கனி நின்றாள். திரும்பினாள். முதலில் அந்த ஒரு சாணைப் பார்த்தாள். பிறகு அதைத் தட்டிக்கொண்டிருந்த கையைப் பார்த்தாள், வளையலைப் பார்த்தாள், கையோடு கண் ஏறி, அரசியின் முகத்துக்கு வந்து நின்றது.

"இவ்வளவூண்டு எடத்துல எப்பிடிம்மா உக்கார?" என்று சலித்துக்கொண்டே வந்து, பாதி பெஞ்சிலும் பாதி அரசியின் தொடையிலுமாகத் தொப்பென்று உட்கார்ந்தாள். அவளிடம் நெல்லிக்காயும் வியர்வையும் சாக்பீஸும் கலந்த வாசம் அடித்தது. அரசி அவள் அவிழ்ந்த ரிப்பனைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அழுதாள், மனசு விட்டு, நாலு பேர் பார்க்கிறார்களே என்று பாராமல் அழுதாள்.

எதிரே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சுடலைவடிவு, பூக்கூடையை அப்படியே போட்டுவிட்டு டைம் கீப்பர் அறைக்கு ஓடினாள். ராஜபாளையம் பஸ் கண்டக்டருக்குப் போன் போடுங்க, எந்தம்பியத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க, நா பெஞ்சுல தள்ளி உக்காந்திருக்கேன்னு சொல்லுங்க என்று அவள் சொன்னதைத் தனிஸ்லாஸ் ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல் அப்படியே போனில் சொன்னார். பிறகு மைக்கைப் போட்டார். "பயணிகள் கவனத்திற்கு. எல்லாரும் கொஞ்சம் தள்ளிக்கிடுங்க." இருபத்திரண்டு பெஞ்சிலும் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஏன் என்று தெரியாமலே, நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் அரசி கவனித்தாள். துண்டாள் பிள்ளை பஸ் வரும் பக்கம் பார்க்கவில்லை. கனிக்கும் அரசிக்கும் நடுவில் இடமே இல்லாமல் ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தது. கனி மடியில் பையைப் பிரித்து மிச்சச் சோற்றைத் தின்பதைப் பார்த்தது. பிறகு தலையைத் தூக்கி அரசியின் முகத்தைப் பார்த்தது. இத்தனை நாளில் ஒரு துண்டாளும் ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. அந்தப் பார்வையில் கோபமோ ஏக்கமோ எதுவும் இல்லை. முதல் நாள் பள்ளிக்கு வந்த பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பது போல இருந்தது. பிறகு அது ஒரு விரற்கடை நகர்ந்து, கனிக்கு இடம் விட்டு உட்கார்ந்தது. அரசிக்கு அழுகை நின்றுவிட்டது.

ஐந்து பத்துக்கு ஆவரம்பட்டி பஸ் வந்தது. அரசி மகளை ஏற்றி, திரும்பிப் பார்க்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். கனி எப்போதும்போல முண்டியடித்துப் போய் மூன்று பேர் சீட்டில் சன்னலோரம் பிடித்துவிட்டாள், பக்கத்தில் அம்மாவுக்கு இடம் வைத்திருந்தாள். அரசி உட்கார்ந்ததும் கண்ணை மூடி மூச்சுவிட்டாள். திங்கட்கிழமை முதல் இந்த வேலைக்கு வருவதில்லை, நோட்டை அடுப்பில் போட்டுவிடுவது என்று முடிவுபண்ணிக்கொண்டாள். அப்போது விறகுச் சுள்ளிக்கட்டோடு ஏறிய ஒரு அம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தாயி, இங்க ஆள் இருக்கா?"

அரசி கண்ணைத் திறந்தாள். இந்தப் பக்கம் மூன்றாவது இடத்தில் கனியின் புத்தகப் பை கிடந்தது. உட்காருங்க என்று சொல்லிக்கொண்டே அவள் பையைத் தூக்கக் கை நீட்டினாள். அதற்குள், தினமும் கேட்டுக் கேட்டு மனப்பாடமான அம்மாவின் குரலிலேயே கனி முந்திக்கொண்டு சொன்னாள்.

"ஆள் வருது."

அந்த அம்மாள் தலையாட்டிவிட்டுப் பின்னால் போய்விட்டாள்.

"யாருட்டி வாறா?" என்றாள் அரசி.

"அந்தப் பிள்ளதான். தள்ளி உக்காந்து எனக்கு எடம் விட்டால்லா. அவளுக்கு யாருமே எடம் போடலம்மா."

அரசி சன்னல் வழியாகப் பார்த்தாள். மூன்றாம் பெஞ்சில் இரண்டாம் எண் காலியாக இருந்தது. வெள்ளைப் பெயிண்டில் அவள் எழுதிய எண் வெயிலில் தெளிவாகத் தெரிந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். முன்படிக்கட்டில் தூசியே படாத இரண்டு கறுப்பு ஷூக்கள், ஒவ்வொரு படியாக ஏறி வந்தன.

அரசி மகளின் மணிக்கட்டை வலிக்கும்படி பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு, சன்னல் பக்கமாக ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள்.